மூன்று பேரிடமும் நீ சொன்ன பொய்

என் சேகர் மச்சானுக்கு,

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்க் கேட்பது?

உன் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. சாப்பிட்டுவிட்டு நம் ராக் பேண்டின் மிச்சமிருக்கும் மூன்று பேரும் வாசல் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தோம். உன் மனைவி கலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நீங்கள்லாம் மொத மொத எப்படிண்ணே சேந்தீங்க? நான் கேட்டா அவரு சிரிப்பாரு, சொல்லவே மாட்டாரு."

ட்ரம்ஸ் வாசிக்கும் தினேஷ்தான் ஆரம்பித்தான். "நான் குளுவாங் டவுன்ல உறுமி மேளம் அடிச்சிக்கிட்டு இருந்தேங்க்கா. பாடறவரும் பேஸ் கிட்டாரும் ரெடி, ட்ரம்ஸ் மட்டும்தான் இல்லன்னு சொன்னாரு."

பேஸ் வாசிக்கும் ஹமீத் நிமிர்ந்தான். "என்கிட்ட ட்ரம்ஸும் பாட்டும் ரெடி, பேஸ் மட்டும்தான் பாக்கின்னாரே! அதச் சொல்லவே மூணு நாளு எங்க கடைக்கு வந்து ரொட்டி சானாய் சாப்ட்டாரு."

என் கதையை நான் சொல்லவில்லை. பயமாக இருந்தது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நம் காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது நீ என்னிடம் சொன்னது வேறு. "உன் பாட்ட போன்ல பதிவு பண்ணி அவங்க ரெண்டு பேருக்கும் போட்டுக் காட்டினேன் மச்சான். இவன் பாடுனாத்தான் வருவோம்னு சொல்லிட்டாங்க." அதை நம்பித்தான் வந்தேன். அதற்கு முன்பு ஒரு கல்யாண விருந்தில் நான் மைக்கைப் பிடித்ததும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அன்றுவரை, பஸ்ஸில் உன் பக்கத்தில் முணுமுணுத்ததைத் தவிர, யார் முன்னாலும் நான் பாட வாயைத் திறந்ததில்லை, உனக்கே தெரியும்.

மெதுவாகக் கேட்டேன். "நாம சேர்றதுக்கு முன்னாடியே என் பாட்ட கேட்டிருக்கீங்களா?"

"எங்க கேட்டேன்? மொத நாளு பாத்தப்ப நீங்க யாருன்னே தெரியல லா," என்றான் தினேஷ். ஹமீத்தும் தலையாட்டினான். கலா சிரித்தாள், நீ போனதற்குப் பிறகு முதல் தடவையாக. நானும் சிரித்துவைத்தேன்.

அப்படியென்றால் எது உண்மை? யாருமே சொல்லாத ஒரு வார்த்தையை நம்பியா ஆறு வருஷம் பாடினேன்? செனாயில் நாம் ஒத்திகை பார்க்கும் ஹமீத் கடை மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, முதல் நாள் தினேஷ் என்னைக் கண் கொட்டாமல் பார்த்தான். மரியாதை என்று நினைத்தேன்; யாரென்று தெரியாமல்தான் பார்த்திருக்கிறான். நீயாவது என் குரல் பிடித்துக் கூப்பிட்டாயா, இல்லை ஆள் கிடைக்காமலா? உன்மேல் கோபம் வருகிறது. கோபப்பட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது.

அடுத்த மாதம் ஜொகூர் பாருவில் நாம் ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி அப்படியே இருக்கிறது. முழுக்க நம் சொந்தப் பாட்டுகள். "சேகரண்ணன் கிட்டாருக்கு ஆளு தேடணும்ணே, இல்ல விட்டுரலாமா?" என்கிறான் தினேஷ். நான் பாடுவேனா என்று மட்டும் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. நான் வேண்டாம் என்றா, கேட்கத் தேவையே இல்லை என்றா? ஒன்றும் புரியவில்லை.

நேற்று ஒரு காரியம் செய்துவிட்டேன். செனாய் தொழிற்சாலையில் வேலை செய்யும் பவானி என்கிற பெண் கிட்டார் வாசிக்கிற வீடியோவை ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவளுக்குப் போன் அடித்தேன்.

"மேடையில வாசிச்சதே இல்லண்ணே. எனக்கு சரியா வராது."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. "தினேஷும் ஹமீத்தும் உன் வீடியோவ பாத்துட்டாங்கம்மா. நீ வந்தாத்தான் வாசிப்போம்னு சொல்லிட்டாங்க."

"உண்மையாவா சொன்னாங்க?"

"ஆமாம்மா."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன் என்றாள். அவர்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது, மச்சான். போனை வைத்ததும், திரும்ப அடித்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அன்றைக்குப் பஸ்ஸில் உனக்கும் அப்படித் தோன்றியதா? நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று இன்னும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் ஏன் சொன்னேன் என்பது மட்டும் தெரியும். அவள் வாசிப்பு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேரையும் உட்காரவைத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, அவள் வந்தால்தான் வாசிப்போம் என்று சொல்லவைத்துவிடுவேன். அவள் மாடிப்படி ஏறி வரும்போது நான் சொன்னது பொய்யாக இருக்காது. பாடுவேனா என்று அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நான் பாடுவேன்.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டு வந்த உன் மச்சான்
முருகேசு