பொழுதோடு சாப்பாடு

பர்மிங்காம்
11-11-1962

அன்புள்ள ஜெயமாலாவுக்கு,

நலம். திருக்கோவிலூர் பொன்னுசாமி என்பவரோடு ஓர் அறையில் இருக்கிறேன். குழாய் செய்யும் தொழிற்சாலையில் ஏழரைக்கு வேலை தொடங்கி ஐந்தரைக்கு முடிகிறது. கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. நாலரைக்கே தெருவிளக்கு எரிகிறது. பகல் பன்னிரண்டுக்கு அரை மணி இடைவேளை. ரொட்டி, வாழைப்பழம், பால். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். ஜைனர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம் என்றதற்கு, "இந்த ஊர்ல சூரியனே பாதி நாள்தான்யா வேலைக்கு வருது. நீ இன்னா பண்ணுவே?" என்கிறார் பொன்னுசாமி.

நீ வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உன் குந்துநாதன்

செஞ்சி
28-11-1962

அன்புள்ள அத்தானுக்கு நமஸ்காரம்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாயிற்று. முதல் தடவை கண்ணை மூடிவிட்டேன். விண்ணப்பத்தை மட்டும் நைனா பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். "ஒருவேள சாப்பாட்டுல எத்தினி நாளு தாங்குவாரு? ராத்திரி சாப்புடாம அந்த ஊர்ல இருக்க முடியும்னா மாப்ள எழுதட்டும், அப்புறம் அனுப்பறேன்" என்கிறார். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் தட்டைக் கழுவிவிடுகிறவர். நீங்கள் அறியாததா?

சீக்கிரம் எழுதுங்கள்.

ஜெயமாலா

பர்மிங்காம்
16-12-1962

அன்புள்ள ஜெயமாலாவுக்கு,

ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். இரண்டு மணிக்கே விட்டுவிடுகிறார்கள். சமைத்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுகிறேன். உடம்பும் தேறியிருக்கிறது. மாமாவிடம் சொல்.

இப்போதுதான் வேலையிலிருந்து வந்தேன், மணி ஆறு. விரல் விறைத்திருக்கிறது; எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

குந்துநாதன்

செஞ்சி
9-1-1963

அன்புள்ள அத்தானுக்கு,

நைனாவுக்குச் சந்தோஷம். பொங்கல் கழித்து விண்ணப்பத்தை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு மணிக்கு வேலை விடுகிறது என்று எழுதினீர்கள். அதே காகிதத்தில், ஆறு மணிக்குத்தான் வந்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நைனா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சாப்பிடுங்கள். எந்த நேரமானாலும் சாப்பிடுங்கள். ஆனால் அதைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். நீங்கள் போடுவதெல்லாம் நைனாவின் மண்டி முகவரிக்கு வருகிறது. நைனா பிரித்துப் படித்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புகிறார். நான் வந்து சேரும்வரை போன கடிதம் மாதிரியே எழுதுங்கள்.

இதை எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு தபாலில் சேர்ப்பாள்.

ஜெயமாலா

பர்மிங்காம்
11-1-1963

அன்புள்ள ஜெயமாலாவுக்கு,

போன கடிதத்தில் எழுதியது பொய். ஷிஃப்ட் மாறவில்லை. டிசம்பர் முதல் வாரம் இயந்திரத்தின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தேன். மேஸ்திரி கேன்டீனில் உட்காரவைத்து ஒரு கிண்ணம் சூப் கொடுத்தார். மணி ஐந்து, வெளியே நல்ல இருட்டு. அதில் என்ன போட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் குடிக்க முடியாது என்று தெரியும். மறுநாளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

பதினைந்து நாளாகத் தெருவெல்லாம் பனி. பொன்னுசாமி இப்போது கேலி செய்வதில்லை. அதுதான் தாங்கவில்லை.

இதை மறைத்து உன்னை வரவழைக்க மனம் ஒப்பவில்லை. தெரிந்துகொண்டு வா. மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

குந்துநாதன்

செஞ்சி
24-1-1963

அத்தானுக்கு,

திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. நைனா மண்டியிலேயே படித்துவிட்டார். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, எப்போதும் போலப் பொழுதோடு சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் பேசினார். "நீ போவ வேணாம். அவருக்கு இனிமே கடுதாசியும் வேணாம்." கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். விண்ணப்பத்தை அடுப்பில் போட்டார். போட்டோவை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

என் கடிதம் இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். தேதியைப் பார்த்திருப்பீர்கள்.

நேற்று விளக்கு வைத்த பிறகு, யாரும் பார்க்காமல் ஒரு வாய் சோறு சாப்பிட்டேன். பகலில் சாப்பிடுகிற அதே சோறாகத்தான் இருந்தது.

இங்கே எழுத வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜெயமாலா