ஈப்புலியும் என் கிழக்குச் சன்னலும்

1957 டிசம்பர் 8, ஞாயிறு

என்னை இந்த அறையிலிருந்து கிளப்பச் சதி நடக்கிறது. அண்ணன் மகன் குமாரவேல் காலையில் வந்து, "சித்தப்பா, கிழக்கு சன்னல தொறக்காதீங்க" என்றான். ஏனாம்? "சும்மாதான்." சும்மா! சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்ததெல்லாம் இந்தச் சும்மாவில்தான். பழைய கவர்னரே பொறாமைப்பட்ட என் கடற்காற்றை அடைத்து, புழுங்கவைத்துத் துரத்தப் பார்க்கிறார்கள்.

டிசம்பர் 11

சன்னல் பலகை இடுக்கில் வெள்ளையாக ஒரு பட்டுப் பை. அதன் வாயில் ஓர் ஈப்புலி — வலை கட்டாமல் பாய்ந்து ஈ பிடிக்குமே, அந்தச் சிலந்தி. அத்தனை கண்ணும் என் மேல். ஒற்றனோ? ஈர்க்குச்சியை நீட்டினேன். முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு எதிர்த்து நின்றது. பிரெஞ்சுப் பட்டாளமே என்னிடம் இப்படி நின்றதில்லை. தந்திரமாகப் பின்வாங்கினேன்.

டிசம்பர் 19

எமகாதகி. பாயும் முன் பலகையில் ஓர் இழையை ஒட்டிவிடுகிறாள். தவறினால் அதைப் பிடித்தே ஏறி வருகிறாள். ஆனால் தூரம் போவதில்லை. ஆட்டுக்கடா அளவு ஈ ஒன்று எதிரே உட்கார்ந்தும் பையை விட்டு நகரவில்லை.

குமாரவேல் என் அறை உத்தரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். அவன் பெண்டாட்டி சுலோசனா என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறாள். அறைக்கு வாடகை ஆள் பார்த்துவிட்டார்களோ?

டிசம்பர் 27

இன்றும் குசுகுசு.

1958 ஜனவரி 9

பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. காத்தவராயன் வீடு முழுக்க அடித்தான், என் கிழக்குச் சுவரைத் தவிர. "சின்னய்யா வேணாம்னுட்டாருங்க." குமாரவேலைத்தான் சொல்கிறான். வந்ததே கோபம்! ஏன், நான் செத்தா போயிட்டேன்? துடைப்பத்தோடு சன்னலுக்குப் பாய்ந்தேன். சுலோசனா குறுக்கே வந்து நின்றாள். "வேணாம் சின்ன மாமா! கூட்ட கலைக்காதீங்க!" அழுகிறாள்.

காத்தவராயன்தான் சொன்னான்: "புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல கூடு கலைக்க மாட்டாங்க, பெரியவரே. தெரியாதா?"

ஒண்டிக்கட்டைக்கு எங்கே தெரியும்? சுலோசனாவுக்கு முன்பு இரண்டு முறையும் கரு தங்கவில்லை, பாவம். அதனால்தான் இந்த முறை மூச்சு விடவில்லையாம். குமாரவேல் உத்தரத்தைப் பார்த்தது, அங்கே வேறு கூடு ஏதும் இருக்கிறதா என்று.

சத்தம் கேட்டு குமாரவேல் ஓடி வந்தான். "என்கிட்டகூடவாடா மறைப்ப?"

"சொன்னா காலாப்பட்டு வரைக்கும் தமுக்கடிச்சிடுவீங்களே, சித்தப்பா."

துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

ஜனவரி 14, பொங்கல்

பைக்குள் என்னவோ அசைகிறது.

பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் வந்து கண்ணாலேயே வீட்டைத் துழாவினாள். "இந்தச் செவுரு மட்டும் ஏண்ணே அழுக்கா கெடக்கு?" சுலோசனா முகம் வெளுத்துவிட்டது. என் வாயில் ஆயிரம் கதைகள் முட்டின.

"சுண்ணாம்பு பத்தல" என்றேன்.

என் ஆயுளில் இத்தனை சின்னப் பொய் சொன்னதில்லை.