பதினான்காம் பக்கத்து அம்புக்குறி

ஜனவரி 9

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

நான் நலம். உன் அண்ணனும் நலம், அவர் குறட்டை அவரைவிட நலம். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

நீ குழுச் செயலாளராக இருந்து எழுதிய பத்தாண்டுத் திட்டம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் வந்திருக்கிறது. "பொதுமக்கள் யாரும் கருத்துச் சொல்லலாம்" என்று அட்டையிலேயே போட்டிருக்கிறாய். மூன்றாம் வகுப்போடு நின்றவளும் பொதுமக்கள்தானே? உன் அண்ணன் வாசிக்க, நான் கேட்டேன். ஒரு தலைமுடியை எண்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அத்தனூண்டு நானோத் தூளை வைத்து மருந்து, மின்கலம், தண்ணீர் வடிகட்டி என்று என்னென்னவோ செய்யப் போகிறீர்களாம். உன் அண்ணனுக்கு மிச்சமிருப்பதே எண்பது முடி. மனுஷன் பெருமூச்சு விட்டார்.

நல்ல திட்டம்தான். பதினான்காம் பக்கத்துப் படம்தான் இடித்தது. தூள் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டிருக்கிறாய். லாரி, சாமான் அறை, ஆய்வறை, உடை மாற்றும் அறை. அங்கே அம்பு நின்றுவிட்டது. அங்கே கழற்றிப் போடுகிற வெள்ளை அங்கியெல்லாம் கால் முளைத்து வீட்டுக்கா போகிறது? அடுத்த கதவு எங்கள் சலவை அறை. ஐந்து பெண்கள் நாள் முழுக்க அங்கேதான் மூச்சு விடுகிறோம். எங்களை விட்டுவிட்டாயே, தம்பி?

உன் அண்ணி

ஜனவரி 20

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. அங்கியைக் கழற்றுமுன் காற்றுப் பீய்ச்சித் தூசி நீக்கும் ஏற்பாடு இருக்கிறது. "ஆய்வறைக்கு வெளியே எதுவும் செல்வதில்லை" என்று உங்கள் நிறுவனமே எழுத்தில் உறுதி கொடுத்துள்ளது. அதை வைத்துத்தான் படம் வரையப்பட்டது.

பிப்ரவரி 28 அன்று திட்டம் அச்சுக்குப் போகிறது. பிறகு பத்தாண்டுகளுக்கு ஒரு வரியையும் மாற்ற முடியாது. எந்த அறைக் காற்றில் தூளை அளப்பது என்பதும் அதில் உள்ளபடிதான்.

இன்னொன்று. நீங்கள் என் உறவு என்று அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தம்பி

ஜனவரி 29

கொழுந்தனாரே,

உறவு என்று சொல்ல மாட்டேன், பயப்படாதே. கொழுந்தன் அதிகாரி என்று தெரிந்தால் "ஏன் இன்னும் துவைச்சிட்டிருக்கே" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் எங்கே போவேன்?

எதுவும் வெளியே வருவதில்லையாமே. நீ ஆறாவது படிக்கும்போது "பையில ஒண்ணும் இல்ல அண்ணி, சத்தியமா" என்று பள்ளிச் சட்டையைக் கழற்றிப் போட்டாய். ஒரு வாளித் துணியும் நீலமாயிற்று. பேனா உன் பையில். பையில் என்ன இருந்தது என்று போட்டவனைவிடத் துவைக்கிறவளுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

ஆகவே ஒரு வேலை செய்தேன். என் பழைய கறுப்பு உள்பாவாடையில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை அலுவலகத் துண்டுகளோடு துவைத்தேன். இன்னொன்றை ஆய்வறை அங்கிகளோடு. முதலாவது கறுப்பாகவே வந்தது. இரண்டாவது சாம்பல் பூசினாற்போல வந்தது.

மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "சோப்புத் தூளா இருக்கும்மா" என்றார்.

"அதே சோப்புலதானே சார் இன்னொண்ணும் குளிச்சுது?" என்றேன். அவருக்கு உடனே காது கேட்காமல் போய்விட்டது.

எங்களில் இளையவளுக்கு இது ஆறாம் மாதம். "அக்கா, இது மூச்சுல போனா என்ன ஆகும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது, "இன்னும் அளந்து அறிய வேண்டும்" என்று உன் புத்தகமே சொல்லுகிறது. அளந்து பாருங்கள், ராசா. எங்கள் அறையையும் சேர்த்து அளந்து பாருங்கள். தூளை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் எங்கள் ஐந்து அடுப்பும் நிற்கும். அம்பைக் கொஞ்சம் நீட்டு என்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டு துண்டையும் தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி அனுப்புகிறேன். அவசரக்குடுக்கை மாதிரித் திறந்து மோந்து பார்க்காதே.

உன் அண்ணி

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணி,

மோந்து பார்க்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துத்தான் திறந்தோம். நுண்ணோக்கியில் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆய்வறைத் தூள்தான். கட்டி கட்டியாக ஒட்டியிருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஒட்டாமல் பறந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

குழுத் தலைவர், "அச்சுக்குப் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் பத்து வருஷம் கழித்துத்தான் வரும். "அந்தப் பக்கம் அப்படியே போனா, என் கையெழுத்து இல்லாமத்தான் போகும்" என்று சொல்லிவிட்டேன்.

இருபதாம் தேதி கூட்டத்துக்கு நீங்கள் வர வேண்டும். பாட்டிலை அனுப்பியது யார் என்று கேட்டார்கள். "எங்க அண்ணி" என்றேன். போன கடிதத்தின் அந்த வரிக்காக வெட்கப்படுகிறேன்.

உங்கள் தம்பி

பிப்ரவரி 23

அன்புள்ள தம்பி,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாய். என் கோடியில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரிந்திருக்காது, கேள்.

என் முன்னால் "பொதுமக்கள்" என்று எழுதிய அட்டையை வைத்தார்கள். பக்கத்திலேயே என் பாவாடைத் துண்டு, பாட்டிலுக்குள். அதைக் கட்டிக்கொண்டு நான் கடைத்தெருவைத் தாண்டியதில்லை. அது தலைநகர் போய் மேசை ஏறிவிட்டது!

தலைவர், "என்ன படிச்சிருக்கீங்கம்மா?" என்றார்.

"மூணாவது சார். ஆனா யார் சட்டைக் காலரைக் கொடுத்தாலும் படிச்சிருவேன்" என்றேன். சிரித்தது உனக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு மெதுவாகப் பேசினோம்.

"நீங்களும் ஆய்வறையில வேலை பார்த்தவராமே. உங்க அங்கியை யார் சார் துவைச்சாங்க?"

"அப்ப சலவை அறை ஏதும்மா. வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போவேன். என் மனைவிதான்…" என்றவர் நிறுத்திவிட்டார். பாட்டிலையே பார்த்தார். "பாப்பா பிறந்த வருஷம் அது" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா சார்?" என்றேன். "இருக்காங்க" என்றார். "அப்ப உங்க நல்ல நேரம். எல்லாரும் நேரத்தை நம்பிக்கிட்டு இருக்க முடியுமா?" என்றேன்.

அப்போதுதான் பேனாவை எடுத்தார். பதினான்காம் பக்கத்தில் அவரே அம்பை நீட்டினார், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி. அடுத்து எல்லாரும் கை தூக்கியது உனக்குத் தெரியும். நானும் தூக்கினேன். "உங்களுக்கு ஓட்டு இல்லம்மா" என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். தூக்கின கையை ஏன் இறக்க வேண்டும்? இறக்கவில்லை.

நீயும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணைத் துடைத்ததையும் கவனித்தேன். தூசி என்று சொல்லிவிடாதே, அளந்துவிடுவார்கள்.

உன் அண்ணி

மார்ச் 6

அன்புள்ள அண்ணி,

திட்டம் அச்சாகி வந்துவிட்டது. முதல் பிரதி உங்களுக்கு. பதினான்காம் பக்கத்தில் படத்துக்குக் கீழே நான் எழுதியது இது: "தூளின் பாதை அதைக் கடைசியாகக் கழுவும் கையில் முடிகிறது. அந்தக் கைவரை அளக்காத எந்த ஆய்வுக்கும் இத்திட்டத்தில் இடமில்லை."

பத்தாண்டுகளுக்கு ஒரு வரியையும் மாற்ற முடியாது. இந்த விதியை எழுதியதற்காக முதல் முறையாகச் சந்தோஷப்படுகிறேன்.

உங்கள் தம்பி

ஆகஸ்ட் 17

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

புத்தகம் வந்த நாளிலிருந்து உன் அண்ணன் அந்தப் பக்கத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறார். பால்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார், இப்போது வாசலிலேயே பாலை வைத்துவிட்டு ஓடுகிறார்.

எங்கள் அறைக்குப் புதுக் காற்று வடிகட்டி வந்தாயிற்று. அங்கிகள் மூடின பையில் வருகின்றன, பையோடு மெஷினுக்குள் போகின்றன, பை தண்ணீரில் கரைந்துவிடுகிறது. சுவரில் ஓர் அளவுக்கருவி. தினமும் காலையில் எண்ணைக் குறித்துவைப்பது யார் தெரியுமா? மேற்பார்வையாளர். காது நன்றாகக் கேட்கிறது.

இளையவளைக் கூட்டம் முடிந்த வாரமே தையல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். மே மாதம் பெண் குழந்தை. மூக்கு சப்பை, குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அந்தக் குரலுக்கு நுரையீரல் எப்படி இருக்கிறது என்று டாக்டரைக் கேட்கவே வேண்டாம்.

இத்துடன் பாவாடையின் மிச்சத்தில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். நேற்று அங்கிகளோடு துவைத்தது. அளவுக்கருவி வைத்தவர்களிடம் காட்டி, "இது சுத்தம்" என்று எழுதி வாங்கிய பிறகுதான் அனுப்புகிறேன். பாட்டில் இல்லை, சாதாரண உறைதான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார், கன்னங்கரேலென்று இருக்கும்.

இந்த முறை மோந்தும் பார்க்கலாம்.

உன் அண்ணி,
பொதுமக்கள்