டிக்கிக்குப் போன பேட்டரி

அன்புள்ள அப்பாவுக்கு ஆக்ஸிலியா எழுதுவது. இருமல் குறைந்ததா? போனில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் நலம்.

கொடைக்கானலில் நான் ஓட்டும் விடுதிக் காருக்குப் பெரிய பேட்டரி வாங்கினார்கள். முன்பக்கம் இடம் போதாமல், மெக்கானிக் அதை டிக்கியில் வைத்து எஞ்சின் வரை வயர் இழுத்தார்.

"பியூஸ் போட்டீங்களாண்ணே?"

"அதெல்லாம் வேணாம்மா."

நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

செவ்வாய்க்கிழமை, விடுதியில் தங்கியிருந்த சிலுவைராஜ் சாரையும், நடக்க முடியாத அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். பெருமாள்மலை தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் பின்சீட்டுக்கு அடியில் புகை. அதற்குக் கீழேதான் பெட்ரோல் டேங்க்.

"சார், அம்மாவை வெரசா எறக்குங்க."

"இவளுக்குக் காலு மடங்க மாட்டேங்குதும்மா."

நானே அந்த அம்மாவை அணைத்துத் தூக்கி இறக்கினேன். டிக்கியில் இருந்த பூண்டு மூட்டையைத் தள்ளிவிட்டு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். ஸ்பானர் இரண்டு முறை நழுவியது. வயர் கழன்றதும் புகை அடங்கியது. வயர் நுழையும் தகட்டு ஓட்டையில் உரசி உரசி வயரின் தோல் கிழிந்து, உள்கம்பி தகட்டைத் தொட்டிருந்தது. பியூஸ் இருந்திருந்தால் அப்போதே மின்சாரம் நின்றிருக்கும்.

இப்போது பேட்டரியை ஒட்டியே பியூஸ், ஓட்டைக்கு ரப்பர் வளையம், பேட்டரி அசையாமல் இருக்க இரும்புப் பட்டை எல்லாம் மெக்கானிக் பக்கத்திலேயே நின்று போடவைத்தேன். பயப்படாதீர்கள். விரலில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

ஒரு கம்பளி வேண்டும் அப்பா. பார்சலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள். என் அறையில் இன்னொரு கட்டில் சும்மாதான் கிடக்கிறது.

வண்டிக்கு ஆள் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஆக்ஸிலியா