எட்டு மணிக்கு மேல்

ஜூலை 4, செவ்வாய். பில்பாவ்

ஆறு வருடம் கழித்து அரசெலி அக்கா போன் செய்தாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "பதிமூணாம் தேதி எனக்கு இருதய ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒருதரம் வந்துட்டுப் போ. அம்மா சாகும்போது உனக்குன்னு ஒண்ணு சொல்லிட்டுப் போனா. போன்ல சொல்ற விஷயமில்ல." வைத்துவிட்டாள்.

ரயில் ஏறினால் நாளைக்கே தெற்கே அக்கா ஊரான கோர்தோபாவில் இருக்கலாம். என் கணவன் கோல்டோவிடம் சொன்னேன். "வாசல்ல கேரவன் நிக்குது, ரயில் எதுக்கு?" என்றான். ஓய்வு பெற்றதும் வாங்கிய வண்டி. அதை விட்டு எங்கும் நகர மாட்டான். போகிற வழியில் செகோவியாவும் பார்த்துவிடலாமாம்.

சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 8, சனி. செகோவியா

வண்டிக்கு முன்னால் நிறுத்தி என்னைப் படம் எடுத்தான். படத்தில் வண்டி முழுசாக இருக்கிறது. எனக்குத்தான் தலை இல்லை.

ஜூலை 10, திங்கள்

டொலேடோ. பில்பாவ் கேரவன்காரர்கள் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள், சீட்டாட்டம் நடக்கிறது. "உங்க அக்கா எங்கயும் ஓடிப் போயிட மாட்டா" என்கிறான்.

ஜூலை 11, செவ்வாய்

இன்னமும் டொலேடோ.

அம்மா இறந்தபோதும் இதே வண்டிதான். பிரான்சில் ஏதோ ஓர் ஏரிக்கரையில் மீன் சுட்டுக்கொண்டிருந்தோம். ஆகஸ்டு வெயிலில் கோர்தோபாவில் யாருக்காகவும் உடலை வைத்திருக்க மாட்டார்கள், மறுநாளே அடக்கம். நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அக்கா கதவைப் பாதி திறந்தாள். "எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீ இங்க எதுக்கு?" முகத்துக்கு நேரே சாத்தினாள்.

ஜூலை 12, புதன். கோர்தோபா

நாற்பத்து நான்கு டிகிரி. மதியம் வந்து சேர்ந்தோம். பழைய ஊருக்குள் இந்தப் பூதம் நுழையாது, ஆற்றங்கரையில் நிறுத்தினோம். கோல்டோ பெரிய கோயிலுக்குள் போய்விட்டான், அங்கே குளுகுளுவென்று இருக்கும் என்று.

நான் மட்டும் நடந்தேன். நாலு மணி. தெருவில் ஒரு பூனை இல்லை. அக்கா வீட்டு ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடியிருந்தது. பால்கனியில் கோரைப்புல் பாய் கீழ்வரை தொங்கியது. மணி அடித்தேன். திரும்பவும் அடித்தேன். கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். உள்ளேதான் இருக்கிறாள். விடிந்தால் ஆபரேஷன், வேறெங்கே போவாள்? வா என்று சொல்லிவிட்டு, வந்தவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. என்னை அவமானப்படுத்தவே கூப்பிட்டிருக்கிறாள்.

"நான் அப்பவே சொல்லல? உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு மனசு கல்லு" என்றான் கோல்டோ. மலைப்பக்கம் போனால் நிம்மதியாகத் தூங்கலாமாம். ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

போன் செய்யலாமா? மாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஜூலை 13, வியாழன்

மலையில் நல்ல காற்று. இன்று ஆபரேஷன். நான் விசாரிக்கப் போவதில்லை.

ஜூலை 14, வெள்ளி

அக்காவின் பக்கத்து வீட்டுக் கார்மெலா போனில் கூப்பிட்டாள். ஆபரேஷன் முடிந்ததாம், உயிருக்குப் பயமில்லையாம். ஆனால் மூளையில் அடைப்பு. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

"ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கக் கூடாதாடி?" என்றாள்.

"வந்தேன். மணி அடிச்சேன். அவதான் திறக்கல."

"எத்தன மணிக்கு?"

"நாலு."

"ஜூலை மாசம் நாலு மணிக்கா? நீ இந்தத் தெருவுல பொறந்தவதானே? காது மெஷினைக் கழட்டி வச்சுட்டுத் தூங்கியிருப்பா. எட்டு மணிக்கு மேலதானே இங்க யாரு வீட்டுக்கும் யாரும் போவோம்? அன்னிக்கு எட்டு மணிக்கு வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டா. காத்தாட உக்காரப் போனேன், 'அது என் தங்கச்சிக்கு'ன்னுட்டா. பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தா."

பத்து வயதிலிருந்து அந்தப் பாயை தினம் இறக்கிக் கட்டியவள் நான். வெயிலுக்கு மூடின வீட்டை எனக்கு மூடின வீடுன்னு நெனச்சேன். கோல்டோவுக்குத் தெரியாது, சரி. அவன் வடக்கே மழையில வளர்ந்தவன். எனக்கு எங்கே போச்சு புத்தி? ஊரை விட்டுப் போன முப்பது வருஷத்துல எல்லாத்தையும் தொலைச்சிட்டேனா?

ஜூலை 29, சனி

கோர்தோபா ஆஸ்பத்திரி. "அம்மா என்ன சொன்னாக்கா?" என்று கேட்டேன். வாயைத் திறந்தாள். "தா... தா..." அதற்கு மேல் வரவில்லை. இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். கோடு கோடாகக் கிறுக்கினாள். அதைப் பார்த்துவிட்டு அவளே அழுதாள்.

இனி நான் கேட்க மாட்டேன்.

ஆகஸ்டு 17, வியாழன். அக்கா வீடு

வண்டியோடு சுற்றிக்கொண்டிருக்கும் கோல்டோ காலையில் செய்தி அனுப்பியிருந்தான். போர்ச்சுகல் கடற்கரைக்குப் போகலாமாம். நாலு மணிக்கு வருகிறானாம், பையைக் கட்டி வைக்க வேண்டுமாம். நான் பதில் போடவில்லை.

விடியற்காலையில் முற்றத்தைக் கழுவிவிட்டேன். பத்து மணிக்கெல்லாம் ஜன்னல்களைச் சாத்தி, பாயை இறக்கினேன். அக்கா கட்டிலில், நான் கீழே தரையில்.

சரியாக நாலு மணிக்கு மணி அடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தது. "உள்ளதானே இருக்க?" என்று கத்தினான். அக்கா இன்று காது மெஷினைக் கழற்றவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தாள். மடக்கினாள். மறுபடி மூன்று விரல் காட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை. எட்டு மணிக்கு வாசலில் நாற்காலி போடுவேன். இரண்டுதான் போடுவேன்.