கூரைக்குக் கீழே கிடந்த கிட்டம்

12.8.1986
வயல் நடுவே புதுப் பாதைக்குக் கிட்டம் போடத் தொடங்கிவிட்டோம். இரும்பு உருக்கும்போது வரும் கழிவு. ஆலைக்காரருக்குக் குப்பை, எனக்குத் தங்கம். இடித்துக் களிமண்ணோடு கலந்து இறுக்கினால் மாரியிலும் வண்டிச் சில்லுப் புதையாது. சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்குச் சுற்றுப் பாதையால் ஏழு மைல். இந்தப் பாதையால் இரண்டே மைல்.

14.8.1986
ஆமியின் ஹெலிகொப்டர் சுட்டது. ஆலை முற்றத்துக் குவியலில் அள்ளிக்கொண்டு நின்ற முருகேசுவின் தொடை பிய்ந்துவிட்டது.

"கொட்டிலுக்குள்ளையும் ஒரு குவியல் கிடக்குதையா. கூரைக்குக் கீழை நிண்டு அள்ளுவம்" என்றார் உழவு மிசின்காரர் சீவரத்தினம்.

முற்றத்தில் கிடப்பது மூன்று மாரி நனைந்தது. உள்ளே கிடப்பது ஒரு துளியும் நனையாதது. நனையாத கிட்டத்தில் சுண்ணாம்பு அடங்கியிராது, தண்ணீர் பட்டால் ஊதும் — பாதை வேலை படித்தவன் நான். ஆனால் வெளியில் நிறுத்தி ஒருவனைச் சாகக் கொடுப்பதா? ஓம் என்றேன்.

30.8.1986
பாதை முடிந்தது.

2.11.1986
நாலு நாளாக மழை. பாதை நடுவில் ஒரு முழத்துக்குப் புடைத்து வெடித்திருக்கிறது. இருட்டிவிட்டது. நாளைக்கு மறித்துக் கட்டலாம்.

3.11.1986
விடிய ஷெல். சீவரத்தினத்தின் அடுப்படியில் விழுந்து, மனைவி குணலட்சுமிக்கு வயிற்றில் காயம். உழவு மிசின் பெட்டியில் கிடத்திப் புதுப் பாதையால் ஓட்டியிருக்கிறார். புடைப்பில் ஏறிப் பெட்டி பிரண்டு அவவின் நெஞ்சில் விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கும்போது வாயால் இரத்தம் கொட்டியது.

டொக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: "வயித்துக் காயத்தைத் தைச்சிருக்கலாம். நெஞ்சு நொருங்கினதுதான்."

4.11.1986
செத்த வீடு. எல்லோரும் ஷெல் அடித்தவனைத் திட்டுகிறார்கள். சீவரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்கடை பாதை இருந்தபடியாலைதான் ஐயா, அவ்வளவு தூரமெண்டாலும் கொண்டு போனன்."

நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே — நாயே, நீயும் ஒரு மனிசனோ?

5.11.1986
சொல்லவில்லை.

10.11.1986
எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு. சனம் போனதும் சொல்லிவிடுவேன்.

13.11.1986
இடது கையால் எழுதுகிறேன். எட்டுச் செலவன்று இரவே சீவரத்தினத்திடம் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சே போட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். இரும்பு அலவாங்கை எடுத்தார். வலது கையில் இரண்டு அடி. எலும்பு வெளியே வந்துவிட்டது. மூன்றாவது அடி தலைக்கென்று கண்ணை மூடினேன். நிலத்தில் விழுந்தது.

பிறகு தன் சால்வையைக் கிழித்துக் கட்டினார். என்னைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். சுற்றுப் பாதையால் ஏழு மைலும் மெதுவாக ஓட்டினார்.