சும்மா இருப்பவர்கள் இருவர்

திமாரு
9 ஜூன் 1986

அன்புத் தம்பி ஃபெர்கஸ்,

நீயும் ஜோஸ்லினும் நலமாக இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. உன் கடிதம் வந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. போனில் கேட்டால், "யாரோ கதவு தட்டுறாங்க அக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எல்லோருமாகப் பனிமலைக்குப் போவோம் என்றாய். சந்தோஷப்பட்டேன். எந்த மலை என்று முடிவு செய்வதை என்னிடம் விடு என்றாய். விட்டேன். கடைசியில் நீ பொறுக்கி எடுத்திருப்பது கெர் மலை. உன் பனிச்சறுக்கு கிளப்பின் கெர் மலை. இதற்கா ஒரு மாதம் யோசித்தாய்?

யார் யார் வருகிறோம் என்று ஒரு தரமாவது நினைத்துப் பார்த்தாயா? பனிச்சறுக்குத் தெரிந்தவர்கள் நீயும் உன் பெண்டாட்டியும் மட்டும்தான். என் இரட்டையர் கிர்ஸ்டியும் டோனியாவும் பனியைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. என் வீட்டுக்காரர் கிரேமுக்கு ரக்பி ஆடிப் போன முட்டி. மாடிப்படி ஏறும்போதே முணுமுணுப்பார். இவர்களைக் காரை நிறுத்திய இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் செங்குத்தாக நடக்கவிட்டு உங்கள் குடிலுக்குக் கூட்டிப்போகப் போகிறாய். மளிகைச் சாமான் மட்டும் கம்பியில் தொங்கும் பெட்டியில் சொகுசாக ஏறிப் போகும். மாவு மூட்டைக்கு இருக்கிற மரியாதை உங்கள் கிளப்பில் மனுஷருக்குக் கிடையாது.

மேலே போனால் பாக்குவெட்டி. அந்தப் பேர் வைத்தவன் நேர்மையானவன். மற்ற மலைகளில் ஏறி உட்கார நாற்காலி இருக்கிறது. உங்கள் மலையில் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஆளை மேலே இழுத்துக்கொண்டு ஓடுகிற கயிற்றை ஒரு கையால் பிடித்து, மறு கையால் அந்த இரும்பு இடுக்கியை அதன்மேல் கவ்வவிட வேண்டும். பத்தொன்பது வயதில் ஒரே ஒரு நாள் முயற்சி செய்தேன். என் கையுறை கப்பிக்குள் போய்த் துண்டு துண்டாக வெளியே வந்தது. நீ சிரித்தாய். அன்றோடு நான் ஸ்கீயைத் தொடவில்லை. என் பிள்ளைகளின் விரலையும் அதில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறாயா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடைசி வரியில் எழுதியிருக்கிறாய் பார்: "சறுக்குகிறவர்கள் இருவர், கற்றுக்கொள்பவர்கள் மூவர், சும்மா இருப்பவர்கள் இருவர்." அந்த மூவர் இரட்டையரும் நானும். சும்மா இருக்கும் இருவர் கிரேமும் அம்மாவும்.

அம்மா எந்தக் காலத்தில் அங்கே சும்மா இருந்தாள்? உங்கள் கிளப்பில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பா கோப்பையோடு எழுந்து நின்று, "நாளைக்கு யார் யார் சும்மா இருக்கீங்க? கையைத் தூக்குங்க" என்பார். அம்மா தூக்குவாள். அவ்வளவுதான், மறுநாள் முப்பது பேருக்கும் கஞ்சி, சூப், உருளைக்கிழங்கு, ஈரக் காலுறை எல்லாம் அவள் தலையில். சறுக்குகிறவர்கள் மாலையில் வந்து களைத்துப் போய்விட்டோம் என்று காலை நீட்டுவார்கள்.

பிறந்தநாளுக்கும் அதேதானா? வேறு இடம் பார்.

உன் அக்கா,
ரோனா


கிறைஸ்ட்சர்ச்
16 ஜூன்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஜோஸ்லின் சத்தமாக வாசித்தாள். நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

ஒரு கையுறைக்காக இருபத்திரண்டு வருஷமாக ஒரு மலையோடு சண்டை போடுகிற ஆள் இந்தத் தீவிலேயே நீ ஒருத்திதான். பாக்குவெட்டி ஒரு காலை நேரத்தில் பழகிவிடும். இரட்டையர் எனக்கு முன்னால் மேலே போய்விடுவார்கள்.

அந்தக் குடிலின் மேற்குச் சுவரை அப்பா தன் கையால் எழுப்பினார். அவர் போன பிறகு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு தரம்கூட அங்கே போகவில்லை. எனக்கு அது பெரிய குறை. உனக்கு இல்லை போலிருக்கிறது. டிக்கெட் வரிசை, உருளைச் சீவல், ஒலிபெருக்கியில் பாட்டு என்று சந்தை மாதிரி இருக்கிற இடத்தில் அம்மாவின் எழுபதைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

அம்மா அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சமையலறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கையாட்டுவேன், அவளும் கையாட்டுவாள். இதெல்லாம் உனக்கு எங்கே தெரியும்? நீதான் பத்தொன்பது வயதோடு வருவதை நிறுத்திவிட்டாயே.

உன் தம்பி,
ஃபெர்கஸ்


திமாரு
20 ஜூன்

ஃபெர்கஸ்,

பெரிய ஜன்னலாம். அந்த ஜன்னலுக்கு நேரே இருப்பது கரிக்கொட்டகை. சரிவைப் பார்க்க வேண்டுமானால் தொட்டிமேல் சாய்ந்து கழுத்தைத் திருப்ப வேண்டும். நீ கையாட்டினபோது அவள் பதிலுக்கு ஆட்டியது கரண்டியை.

குறை சொன்னதில்லையாம். குறை சொல்லாதவர்கள் தலையில்தான் எல்லாவற்றையும் கட்டுவீர்கள். அப்பா செய்தார், இப்போது நீ. எனக்குப் பொங்கிக்கொண்டு வருகிறது.

நானே இடம் பார்த்துவிட்டேன். பிரேமர் சரிவு. ஏரிக்கரை ஊரிலிருந்து காரிலேயே வாசல் வரை போகலாம், நடக்க வேண்டாம். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குத் தனிச் சரிவு. ஒரு எருமை உருண்டாலும் அடிபடாத அளவுக்குத் தட்டையானது என்று அங்கே வேலை பார்க்கும் பெண் போனில் சொன்னாள். மேலே இழுத்துப் போவதற்குக் காலிடுக்கில் வைத்துக்கொள்ளும் தட்டு, இடுக்கி கிடையாது. சறுக்காதவர்களுக்குக் கணப்போடு ஒரு காபிக் கடை, ஊரில் வெந்நீர்க் குளம். சமையல் அவர்களுடையது. பாத்திரமும் அவர்களே கழுவுவார்கள். உருளைச் சீவல் விற்கிறார்கள் என்றால் விற்கட்டும். யாரோ உரித்த கிழங்கை அம்மா ஒரு நாள் சாப்பிடட்டும்.

அம்மாவுக்குக் கணப்புப் பக்கத்து நாற்காலியைச் சொல்லி வைத்துவிட்டேன். நல்ல மெரினோ கம்பளி ஒன்று வாங்கியிருக்கிறேன், ஆயிரம் துண்டுப் படப்புதிர் ஒன்றும். மூன்று நாளும் அவள் விரலை அசைக்கக் கூடாது.

நீ கெர் மலைதான் என்றால் தாராளமாகப் போ. அம்மாவை நான் அனுப்ப மாட்டேன். நானும் செத்தாலும் அந்தக் குடில் வாசலை மிதிக்க மாட்டேன். பிறகு அக்கா, தம்பி என்று கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடவும் வேண்டாம்.

ரோனா


கிறைஸ்ட்சர்ச்
7 ஜூலை

அன்புள்ள அக்கா,

நீ ஜெயித்தாய். பிரேமர் சரிவுக்கே போவோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஜோஸ்லினிடம் சத்தியம் செய்திருக்கிறேன், காரில் ஏறும் வரைக்கும்.

நேற்று ஆஷ்பர்ட்டனில் இறங்கி அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஸ்கோன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கெர் மலை இல்லை, பிரேமர் என்றேன். "சரி" என்றாள். ரோனா உனக்காகச் சண்டை போட்டு வாங்கின இடம் என்றேன். "தெரியும், ரெண்டு பேரும் எனக்கு போன் பண்ணி மாத்தி மாத்திக் கத்துனீங்களே" என்றாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அங்க பூட்ஸ் வாடகைக்குக் குடுப்பாங்களா? ஆறாம் நம்பர் இருக்குமா?"

பேத்திகளுக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்டுச் சொல்.

ஃபெர்கஸ்


திமாரு
11 ஜூலை

அன்புத் தம்பி,

இப்போதுதான் நீ மனிதனாகப் பேசுகிறாய்.

இரட்டையருக்கு மூன்றாம் நம்பர். ஆறு அம்மாவின் அளவு. அவளுக்கு எதற்கு வாடகை பூட்ஸ்? உள்ளே ஆட்டுரோமம் வைத்துத் தைத்தது ஒன்றை அவளுக்கு நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், காரிலிருந்து நாற்காலி வரை நடக்க அது போதும். யார் காலுக்கு என்ன என்பதுகூட அவளுக்கு மறக்க ஆரம்பித்துவிட்டது பாவம். அதனால்தான் சொல்கிறேன், அவளை எதற்கும் அலைக்கழிக்கக் கூடாது.

பிறந்தநாள் கேக்கை நான் செய்கிறேன். ஜோஸ்லினைத் தொட வேண்டாம் என்று சொல். போன வருஷம் அவள் செய்த பாவ்லோவா கேக் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ரோனா


கிறைஸ்ட்சர்ச்
26 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

பிள்ளைகளுக்கு அம்மைக் கொப்புளம் வாடிவிட்டதா? கிளம்புகிற அன்று காலையில் இரண்டு பேருக்கும் ஒன்றாக வர வேண்டுமா? நீ வராதது எல்லோருக்கும் குறைதான். உன் கேக்கை கிரேம் பத்திரமாகக் கொண்டுவந்தார், மடியிலேயே வைத்துக்கொண்டு. அவர் வீட்டுக்கு வந்து உன்னிடம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அரை வார்த்தை பேசுகிற மனுஷர். அதனால் நானே எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசி.

முதல் நாள் காலை நீ சொன்ன நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, கம்பளியைப் போர்த்தி, புதிரை மேஜைமேல் கொட்டிவிட்டு நானும் ஜோஸ்லினும் மேலே போனோம். பத்து மணி வாக்கில் காபிக்கு இறங்கி வந்தேன். நாற்காலியில் கிரேம் இருந்தார். கம்பளி அவருடைய முட்டியின் மேல். அம்மா எங்கே என்றேன். புதிரிலிருந்து தலையைத் தூக்காமல் ஜன்னலைக் காட்டினார்.

கற்றுக்கொள்பவர்கள் சரிவில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் நடுவில் அப்பாவின் பழைய பச்சை மழைச்சட்டையோடு அம்மா. காலில் ஸ்கீ. ஆறாம் நம்பர் வாடகை பூட்ஸ்.

ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். "கையை எடுடா. விழணும்னா நானே விழுந்துக்குவேன்" என்றாள். சொன்னபடியே விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். பக்கத்தில் ஒரு பொடிசு, "பாட்டி, முட்டியை மடக்குங்க" என்று அதட்டியது. மடக்கினாள். சொல்லிக்கொடுக்கிற பெண், "முன்னாடி எப்பவாவது பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டாள். அம்மா, "முப்பது வருஷம் பாத்திருக்கேன்" என்றாள்.

மத்தியானம் கன்னமெல்லாம் சிவந்து, தலையெல்லாம் பனியோடு வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஏம்மா, ஆசை இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவளை நான் அப்படிக் கோபமாகப் பார்த்ததே இல்லை அக்கா. குரலை உயர்த்தவில்லை. "யாருடா கேட்டீங்க? உங்க அப்பா, யார் சும்மா இருக்கீங்கன்னுதான் கேப்பாரு. யாருக்குச் சறுக்கணும்னு ஒரு நாள் கேட்டிருந்தா அதுக்கும் கையைத் தூக்கியிருப்பேன். நீயும் என்னைச் சும்மா இருக்கறவன்னு எழுதுன. உங்க அக்கா அதுக்காக உன்னோட மல்லுக்கு நின்னா. நின்னுட்டு அவளும் என்னைச் சும்மா உக்கார வச்சா. கம்பளி போட்டு மூடுனதுதான் வித்தியாசம்" என்றாள்.

பிறகு உன் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மறுபடி வெளியே போய்விட்டாள். மூன்றாம் நாள் தட்டைப் பிடித்து மேலே போய், சரிவின் பாதியிலிருந்து கீழே வரைக்கும் விழாமல் வந்தாள். நிற்கத்தான் தெரியவில்லை. வேலியில் போய் மோதி நின்றாள்.

திரும்பி வரும் வழியில், "அந்தப் பாக்குவெட்டி பழக எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள். அடுத்த ஆகஸ்டில் கெர் மலைக்குத்தான் போக வேண்டுமாம். சறுக்குகிறவர்கள் பக்கத்தில் தன் பேரை எழுதச் சொல்கிறாள். அந்த நடை முடியுமா என்றேன். மளிகைக்குக் கம்பிப் பெட்டி வருவதற்கு முன்னால் மாவு மூட்டையை யார் சுமந்தது என்று நினைத்தாய் என்கிறாள்.

கிளப்புக்கு நான் என்ன சொல்ல? உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யப் போவதில்லை. செத்தாலும் அந்தக் குடில் வாசலை மிதிக்க மாட்டேன் என்ற உன் சத்தியமும் நினைவிருக்கிறது.

உன் தம்பி,
ஃபெர்கஸ்


திமாரு
1 செப்டம்பர்

அன்புத் தம்பி ஃபெர்கஸ்,

கிரேம் என்னிடம் சொன்னது, "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, புதிர்ல ஒரு துண்டு குறையுது." இவ்வளவுதான். இந்த மனுஷரோடு பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேரே அம்மாவுக்கு போன் செய்தேன். கத்தினேன், மறைக்கவில்லை. உனக்காகத்தானே தம்பியோடு பேச்சை முறித்துக்கொள்ளப் பார்த்தேன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் எனக்காகப் பேசிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல நான் பேச இடம் எங்கடி இருந்துச்சு?" என்றாள். கம்பளி பிடித்ததா என்று மட்டும் கேட்டேன். பூனைக்குப் பிடித்திருக்கிறதாம்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அப்பா மேல் இருக்கிறது, உன் மேல் இருக்கிறது, எழுபது வயதில் வேலியில் மோதுகிற ஒருத்தி மேல் நிறையவே இருக்கிறது. அவளுக்கு யாராவது நிற்கச் சொல்லிக்கொடுங்கள். பாக்குவெட்டிக்கு நல்ல தோல் கையுறையாக நான் வாங்கிவிடுகிறேன், உன் கிளப்பின் ஓட்டைக் கையுறை எதையும் அவளுக்குக் கொடுக்காதே.

சறுக்குகிறவர்கள் பக்கத்தில் அம்மாவின் பேரை முதலில் எழுது. இரட்டையர் கற்றுக்கொள்ளட்டும்.

சும்மா இருப்பவர்கள் இருவர்: கிரேம், நான். முப்பது பேருக்குக் கஞ்சி என்றால் ஓட்ஸ் எவ்வளவு போட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுது. எனக்குக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

உன் அக்கா,
ரோனா